நின்று படிப்போம்: ஒரு வாசகர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

செய்தி அறிவது குடிமக்களின் கடமை என்று சொல்லிக்கொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். டீக்கடை நடத்துகிறவர், ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லூரி மாணவிகள், வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் பெண்கள், ஒன்றிரண்டு பத்திரிகையாளர்களும் இருக்கிறார்கள். கட்சி வேறு, சாதி வேறு, வாங்குகிற பேப்பர் வேறு. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கருத்தோடு இருக்கிறோம். முன்னெப்போதையும்விட இன்று நாம் அதிகமாகச் செய்தி பார்க்கிறோம். ஆனால், எந்தச் செய்தியையும் அதன் முடிவுவரை பார்ப்பதில்லை. இந்த நிலையை மாற்றத்தான் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

செய்தியே வேண்டாம், டிவியை அணைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வீட்டு வரி ஏன் ஏறியது, ஏரியில் மண் அள்ளுவது யார், ரேஷன் கடைக்குப் பருப்பு ஏன் வரவில்லை என்று தெரியாமல் வாழ்வதற்கு நிம்மதி என்று பெயர் கிடையாது. கடலுக்குப் போகிறவருக்குப் புயல் எச்சரிக்கை வேண்டும். டெல்டா விவசாயிக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டம் வேண்டும். செய்தியிலிருந்து விலகி வாழும் வசதி மிகச் சிலருக்கே உண்டு. அவர்களுக்காக ஓர் இயக்கம் தேவையில்லை. செய்தி தேவைப்படுகிற பெரும்பான்மைக்காக இதைத் தொடங்குகிறோம்.

வெட்டப்பட்ட முடிவு

2018-ல் நாடு முழுக்கக் கைபேசிகளில் ஒரு வீடியோ சுற்றியது. தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொள்ள, வண்டி பறக்கிறது. பார்த்த பெற்றோருக்கெல்லாம் வயிறு கலங்கியது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரத்தில், குழந்தைக் கடத்தல் பற்றி எச்சரிப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த பைக் திரும்பி வரும். சிறுவனை இறக்கிவிடுவார்கள். ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் ஆடியோக்கள் பறந்தன. மே 9-ம் தேதி, குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. போளூர் அருகே வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினார்கள். 65 வயதான ஓர் அம்மாள் அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தைகளைக் கண்டால் பாட்டிமார் செய்வதுதான் அது. ஊர்விட்டு ஊருக்கு போன் போயிற்று. வழிமறித்து அடித்தார்கள். அந்த அம்மாள் இறந்துபோனார். கூட வந்தவர்களுக்குப் படுகாயம்.

அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நம்பினார்கள். எங்களை உலுக்குவது இதுதான். பொய்யை உண்டாக்கியவரைத் தேடிப் பிடிக்கக் காவல் துறை இருக்கிறது. அதைப் பாதி பார்த்து, பாதி கேட்டு, பதறிப்போய் அடுத்தவருக்கு அனுப்பியவர்களோ நம் அக்கா, நம் மாமா, நம் வகுப்புத் தோழர். தீமை நினைத்து யாரும் அனுப்பவில்லை. அக்கறையில்தான் அனுப்பினார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு தகவலை ஒரே தடவையில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த தகவலை ஒரு தடவையில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. இரட்டை அம்புக்குறியோடு வருகிற தகவல்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. இதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனாலும், நம் விரலைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

ஏனென்றால், 2020-ல் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். கோழிக்கறியில் கொரோனா வருகிறது என்ற வதந்தி நாமக்கல் கோழிப் பண்ணைகளைச் சாய்த்தது. முட்டை விலை அடிமாட்டு விலைக்கு இறங்கியது. அந்த ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் மறித்தது. ஆம்புலன்ஸ் மீது கல் எறிந்தது. புதைத்தால் தொற்று பரவும் என்று அவர்கள் எங்கோ கேட்டிருந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி எடுத்து மண் தள்ள வேண்டி வந்தது. இறந்த அந்த மருத்துவர் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர்.

2023 மார்ச்சில் பொய்யின் முகம் நம் பக்கம் திரும்பியது. வேறு மாநிலங்களில் நடந்த பழைய அடிதடி வீடியோக்களை எடுத்து, தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பரப்பினார்கள். திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்த்தவர்கள் பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்கள். அது பொய் என்று தமிழ்நாட்டுக் காவல் துறைத் தலைவர் வீடியோ வெளியிட்டு மறுத்தார். பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. நம்மைப் பற்றி ஒருவர் சரிபார்க்காமல் பரப்பினால் எவ்வளவு வலிக்கும் என்பதை அந்த இரண்டு வாரம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. 2018-ல் நம் ஊர்களில் அடிபட்டவர்களில் வடமாநிலத்தவரும் இருந்தார்கள் என்பதை அப்போது நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

நான்கு நாள் நேரலை

பொய்ச் செய்தி மட்டும்தான் பிரச்சினை என்றால், சரிபார்க்கக் கற்றுக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். உண்மைச் செய்தியையும் நாம் தவறாகப் பார்க்கிறோம். எங்கள் இயக்கத்தின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

2019 அக்டோபர் 25, மாலை. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29-ம் தேதி அதிகாலையில் உடலாகத்தான் மீட்க முடிந்தது. இடையில் தீபாவளி வந்துபோனது. எல்லாச் சேனல்களிலும் இரவு பகலாக நேரலை. எத்தனை அடி ஆழம், எந்த இயந்திரம் வந்தது, பாறை எவ்வளவு கடினம் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கோடிக்கணக்கானவர்கள் மனமுருகி வேண்டிக்கொண்டார்கள். அந்த உருக்கம் போலி இல்லை.

அந்த நாட்களில்தான் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பெற்றோர் அந்த மீட்புப் பணியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய 2 வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்த செய்தி வந்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அன்று தமிழ்நாட்டின் எந்த வீட்டிலும் அது நடந்திருக்கலாம். எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கண்ணும் அந்தக் குழியில் இருந்தது.

இப்போது இன்னொரு தகவல். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறைகள் வகுத்துவிட்டது. கிணறு தோண்டுவதற்கு 15 நாள் முன்னதாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சுற்றிலும் வேலி வேண்டும். கைவிட்டால் களிமண், மணல், கல் போட்டு மேல்மட்டம் வரை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கென்று 2015-ல் தனி விதிகளும் வந்தன. நடுக்காட்டுப்பட்டிக் குழந்தை விழுந்தபோது உச்ச நீதிமன்றத்தின் நெறிமுறைகளுக்கு வயது 9. நான்கு நாள் கண் விழித்துப் பார்த்த நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதன் பிறகு சில மாவட்டங்களில் கிணறுகளைக் கணக்கெடுத்து மூடினார்கள், மழைநீர் சேகரிப்புக் குழிகளாக மாற்றினார்கள். நம் ஊரில் செய்தார்களா என்று ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டவர் யார்? பெரும்பாலோர் அடுத்த பிரேக்கிங் நியூஸுக்குப் போய்விட்டோம்.

நேரலை நமக்குக் குழியைக் காட்டியது. விதியைக் காட்டவில்லை. நாமும் கேட்கவில்லை. எங்கள் குற்றச்சாட்டு சேனல்கள்மீது பாதி, நம்மீது பாதி.

இதே கதைதான் மற்றவற்றிலும். தூத்துக்குடியில் 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டு வீடியோவைப் பார்க்காதவர் இல்லை. அறிக்கையைப் படித்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு 2019-ல் மாநிலத்தையே கொதிக்கவைத்தது. கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது 2025 மே மாதத்தில். நடுவில் இருந்த ஆறு ஆண்டுகள், சாட்சி சொல்லப் போன பெண்கள் யார் துணையோடு நீதிமன்றப் படி ஏறினார்கள் என்பது செய்தியாகவே நம் மனதில் இல்லை. அவர்கள் உறுதியாக நின்றதால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

செய்திக்கு முடிவு இருந்த காலம்

காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி வரும். சரோஜ் நாராயண்சுவாமியின் கணீர்க் குரலைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்குக் கிளம்பியவர்கள் எங்களில் பலர். செய்தி முடிந்தால் முடிந்ததுதான். அடுத்த செய்திக்கு மதியம்வரை காத்திருக்க வேண்டும். ஈழத்தில் போர்க் காலத்தில் மின்சாரம் இல்லாத ஊர்களில் பேட்டரியைச் சேமித்துவைத்து இரவில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். 1941-ல் தொடங்கிய அந்த வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு நின்றது. அந்தக் காலத்துச் செய்தியில் குறைகள் ஏராளம். அரசு வானொலி அரசுக்குப் பிடிக்காததைச் சொல்லாது. 1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது தணிக்கையாளரின் கையெழுத்து இல்லாமல் பேப்பர் அச்சேறவில்லை. அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக நாங்கள் ஆசைப்படவில்லை. செய்திக்கு ஒரு நேரமும் ஒரு முடிவும் இருந்ததால், கேட்டதை யோசிக்க இடம் இருந்தது. அந்த இடத்தை மட்டும் திரும்பக் கேட்கிறோம்.

1993-ல் சன் டிவி வந்தது. 2000-க்குப் பிறகு 24 மணி நேரச் செய்திச் சேனல்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், செய்தி படுக்கைக்கே வந்துவிட்டது. இருபத்து நான்கு மணி நேரமும் ஒளிபரப்ப வேண்டியவர்களுக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குச் செய்தி கிடைப்பதில்லை. அதனால் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அது தீர்ந்தால் விவாதம் வைக்கிறார்கள். டிஆர்பி எண்ணுக்கு விளம்பரம் வருகிறது. யூட்யூபில் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதற்குப் பணம் வருகிறது. ‘அதிர்ச்சி’, ‘பரபரப்பு’, ‘வெளியான உண்மை’ என்று தம்நெயிலில் எழுதுகிறவர் நம்மை ஏமாற்றுவதற்காகவே பிறந்தவர் இல்லை. அப்படி எழுதினால்தான் நாம் தொடுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். நம் கை அவருக்குக் கொடுத்த பாடம் அது. கீழே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்த அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார்.

இது மனதை மட்டும் இல்லை, உடம்பையும் பிடிக்கிறது. 2013-ல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. பின்னர் வெளியான ஓர் ஆய்வில், அந்தச் செய்தியை நாளைக்கு 6 மணி நேரமும் அதற்கு மேலும் பார்த்தவர்களிடம் இருந்த மன அதிர்ச்சி, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பொய்யின் வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 தகவல் தொடர்களை ஆராய்ந்து 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபடி பகிரப்பட 70 சதவீதம் வாய்ப்பு அதிகம். இயந்திரக் கணக்குகள் அதற்குக் காரணம் இல்லை; மனிதர்கள்தான் காரணம்.

கூடிப் படித்த மரபு

தமிழனுக்குச் செய்தி தனியே வரவில்லை. கூட்டத்தில்தான் வந்தது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சுற்றி நின்று கேட்பார்கள். நடுவில் ஒருவர் மறுப்பார். சலூனில் ஒரே பேப்பர் நான்காகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருக்கும். திராவிட இயக்கத்தார் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்தார்கள். ‘விடுதலை’யும் ‘திராவிட நாடு’ம் அங்கே வாய்விட்டு வாசிக்கப்பட்டன. பொதுவுடைமை இயக்கத்தார் ‘ஜனசக்தி’யை அப்படித்தான் தொழிலாளர்களிடம் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையமும் அதற்குள் ஒரு வாசிகசாலையும் உண்டு. சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கு முதலில் சட்டம் இயற்றியது 1948-ல் சென்னை மாகாணம்தான்.

கூடிப் படிக்கும்போது ஒரு காவல் தானாகக் கிடைத்தது. ‘இது நம்ம ஊர் சமாச்சாரம் இல்லையே, அந்த ஆளு அன்னிக்கு இங்கதானே இருந்தாரு’ என்று சொல்ல ஒருவர் இருந்தார். கோபத்தில் எழுந்தவரை உட்காரச் சொல்லப் பெரியவர் ஒருவர் இருந்தார். படுக்கையில் இரவு பதினொன்றரை மணிக்குக் கைபேசி வெளிச்சத்தில் செய்தி பார்ப்பவருக்கு அந்த இரண்டு பேரும் இல்லை. எங்கள் திட்டத்தின் அடிப்படை அவர்களைத் திரும்ப அழைத்துவருவது.

எங்கள் தீர்மானங்கள்

ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, ஐந்து பேர் சேர்ந்தாலும் போதும், வாரத்துக்கு ஒரு நாள் செய்தி வாசிப்புக் கூட்டம் வைப்போம். டீக்கடை பெஞ்ச், கிளை நூலகம், கோயில் மண்டபம், மசூதித் திண்ணை, தேவாலய வளாகம், மாடிப்படி எதுவும் ஆகும். கட்சிச் சார்பு மாறுபட்ட இரண்டு பேப்பர்களை வைத்துக்கொண்டு ஒரே செய்தியை இரண்டிலும் வாய்விட்டுப் படிப்போம். ஒன்றில் இருந்து மற்றதில் விடுபட்டது எது என்று பார்ப்போம். இந்தப் பயிற்சி ஒன்றே ஒருவரை வாசகராக்கிவிடும் என்று நம்புகிறோம்.

ஒவ்வொரு கூட்டமும் ஒரு செய்தியைத் தத்தெடுக்கும். ஒன்றே ஒன்று. அது முடியும்வரை அதை விடாது. ஊர் ஏரியின் ஆக்கிரமிப்பாக இருக்கலாம், பாதியில் நின்ற பாலமாக இருக்கலாம், மூடாத ஆழ்துளைக் கிணறாக இருக்கலாம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்போம். தேவைப்பட்டால் 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுவோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேப்பரில் படித்ததை அங்கே எழுந்து கேட்போம். நாட்டில் நடக்கும் எல்லாவற்றையும் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பவரைவிட, ஒன்றை முழுதாகத் தெரிந்துவைத்துக் கேள்வி கேட்பவரைக் கண்டுதான் அதிகாரிகள் அசைவார்கள்.

வீட்டில் செய்திக்கு நேரம் வைப்போம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. சாப்பாட்டு நேரத்தில் செய்திச் சேனல் வேண்டாம். குழந்தைகள் இருக்கும் கூடத்தில் விபத்துக் காட்சி ஓட வேண்டாம். நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவைப்போம். புயல், வெள்ளக் காலத்துக்கு இந்த விதி பொருந்தாது. அப்போது மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும் வானிலை மையத்தையும் விடாமல் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் படகு எங்கே இருக்கிறது, சோறு எங்கே கிடைக்கிறது என்று கைபேசியில் வந்த செய்தி உயிர்களைக் காப்பாற்றியது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யும் அதே கைபேசியில்தான் வந்தது.

சரிபார்க்காததை அனுப்ப மாட்டோம். இதைச் சொல்வது எளிது; எப்படி என்று காட்டுவதுதான் எங்கள் வேலை. நியூஸ் கார்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பொய்க்கு மிகவும் பழகிப்போன வாகனம் அது. பிரபலச் சேனலின் லோகோ, ஒரு தலைவரின் படம், ஒரு சாதியையோ மதத்தையோ பழித்து அவர் பேசியதாக இரண்டு வரி. முதலில் எழுத்துருவைப் பாருங்கள். ஒவ்வொரு சேனலுக்கும் பழகிய எழுத்துரு ஒன்று உண்டு. போலிக் கார்டில் பெரும்பாலும் மேல் வரி ஒரு எழுத்துருவிலும் கீழ் வரி வேறொன்றிலும் இருக்கும்; பழைய வரியை அழித்த இடத்தில் பின்னணி நிறம் திட்டாகத் தெரியும்; ஒற்றுப்பிழைகள் மலியும். பிறகு கார்டில் உள்ள தேதியைக் குறித்துக்கொண்டு, அந்தச் சேனலின் சொந்த ஃபேஸ்புக் பக்கத்துக்கோ எக்ஸ் பக்கத்துக்கோ போய் அந்தத் தேதியில் தேடுங்கள். அசல் கார்டு வேறு வாசகத்தோடு அங்கேயே கிடைப்பதும் உண்டு. அப்படி ஒரு பேச்சு உண்மையாகவே பேசப்பட்டிருந்தால் மற்றச் சேனல்கள் சும்மா இருந்திருக்குமா என்றும் யோசியுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்களைப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால், அனுப்பாதீர்கள். அனுப்பாமல் இருந்ததால் கெட்டுப்போன குடும்பம் எதுவும் இல்லை.

குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர் பொய்யை அனுப்பிவிட்டால், எல்லோர் முன்னாலும் அவரை மடக்க வேண்டாம். தனியாக போன் போட்டு, ‘சித்தப்பா, நீங்க அனுப்பின வீடியோ நாலு வருசத்துக்கு முந்தினது, வேற ஊர்ல எடுத்தது. நான் பார்த்துட்டேன். நீங்களே குரூப்ல சொல்லிட்டா நல்லா இருக்கும்’ என்று சொல்வோம். அவமானப்பட்டவர் திருந்துவதில்லை. மரியாதையோடு சொன்னால் நம் பெரியவர்கள் கேட்பார்கள். பல வீடுகளில் கேட்டிருக்கிறார்கள்.

இறந்தவரின் படத்தை, விபத்தின் ரத்தத்தை, தற்கொலைக் கடிதத்தைப் பகிர மாட்டோம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ முகத்தையோ ஊரையோ எந்தக் காரணத்துக்காகவும், நியாயம் கேட்கும் பெயரிலும்கூட, வெளியிட மாட்டோம். சட்டம் அதைக் குற்றம் என்கிறது. இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக மாணவி துணிந்து கொடுத்த புகாரின் எஃப்ஐஆர் கசிந்து, அவரைப் பற்றிய விவரங்களோடு கைபேசிகளில் சுற்றியது. கசியவிட்டவர் ஒருவர் என்றால், சுற்றவிட்டவர்கள் ஆயிரம் பேர். அந்த ஆயிரத்தில் ஒருவராக இனி எங்களில் யாரும் இருக்கப் போவதில்லை.

நல்ல செய்திக்குக் காசு கொடுப்போம். ஒரு நாளிதழோ ஒரு வார இதழோ, நாம் மதிக்கும் ஓர் இணைய இதழோ, ஏதாவது ஒன்றுக்குச் சந்தா கட்டுவோம். தாலுகா அளவில் வெயிலில் அலைந்து செய்தி சேகரிக்கிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளமே இல்லை. இலவசமாகப் பார்க்கும் செய்திக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நாங்கள் கேட்காதவை

எந்தச் சேனலையும் தடை செய், எந்த யூட்யூபரையும் உள்ளே தள்ளு என்று கேட்க மாட்டோம். எது உண்மை என்று அரசே தீர்ப்புச் சொல்வதையும் ஏற்க மாட்டோம். தன்னைப் பற்றிய செய்திகளில் பொய் எது என்று தானே அறிவிக்கும் பிரிவை அமைக்க ஒன்றிய அரசு 2023-ல் விதி கொண்டுவந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் பக்கம் நாங்கள் நிற்கிறோம். மாநில அரசுக்கும் இதையேதான் சொல்வோம்.

செய்தி நிறுவனங்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்று உண்டு. பெரிதாக வெளியிட்ட ஒவ்வொரு செய்தியும் மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று ஒரு பத்தி எழுதுங்கள். தவறு நேர்ந்தால், செய்தி வந்த அதே இடத்தில் அதே அளவில் திருத்தம் போடுங்கள். அப்படிச் செய்யும் பத்திரிகையை நாங்கள் வாங்குவோம், மற்றவர்களையும் வாங்கச் சொல்வோம்.

இந்த இயக்கத்துக்குத் தலைமை அலுவலகம் இல்லை, உறுப்பினர் கட்டணம் இல்லை, கொடி இல்லை. தேர்தலில் நிற்க மாட்டோம், யாருக்கும் வாக்குக் கேட்க மாட்டோம். ஐந்து பேர் கூடிப் படித்தால் அது ஒரு கிளை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேப்பர் வாங்குங்கள். பக்கத்து வீட்டாரையும், எப்போதும் உங்களோடு கருத்து மாறுபடும் ஒருவரையும் கூப்பிடுங்கள். உங்கள் ஊர்ச் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த கிராம சபையிலோ வார்டுக் கூட்டத்திலோ அதைப் பற்றி எழுந்து கேளுங்கள்.